எந்தப் பங்கு நல்லது?

பேராதனையில், கலகா சந்திக்கு அண்மையிலுள்ள ஒரு தேநீர்க் கடையில், மாலை வேளைகளில் ஆசிரியர் சிலரும் மாணவர் சிலரும் கூடியிருந்து உரையாடுவது வழக்கம். அண்மையில் ஒரு நாள், கண்டிப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு வர்த்தகம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் தமது கொப்பியை எம்முன் விரித்து வைத்தார். பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்புறத்தில் பியர் காய்ச்சும் லயன் கம்பனி. வலப்புறத்தில் சாராயம் வடிக்கும் டிஸ்டிலரீஸ் கம்பனி. இரண்டும் கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பெற்றவை. இரண்டும் குடிப்பவனின் ஒரே மடியிலுள்ள காசுக்குப் போட்டியிடுபவை. "சேமிப்பில் ஒரு பகுதியை இவற்றுள் ஒன்றில் இடலாம் என்றிருக்கிறேன். எந்தப் பங்கு நல்லது?" என்று அவர் கேட்டார்.

அக்கேள்வியை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. நண்பர் பேராசைக்காரர் அல்லர். 2022-ஆம் ஆண்டு இந்நாட்டில் மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த ஒவ்வொருவரையும் போல அவரும் அடிபட்டவர். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை சில வாரங்களுள் 360 ரூபாவை எட்டியது. அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாயிற்று. இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த வைப்புப் பணத்தின் வாங்கும் சக்தி கண்ணெதிரே கரைந்தது. மகளின் படிப்புக்கென வைத்த பணத்தைக் காப்பாற்ற வழி தேடும் ஒரு தந்தையைப் பார்த்து, "பங்குச் சந்தை சூதாட்டம்" என்று ஒரு சொல்லில் தீர்ப்பளிப்பது எளிது, அது நேர்மையன்று. ஆகவே அவருடைய ஒப்பீட்டை முதலில் அவருடைய அளவுகோலாலேயே பார்ப்போம்.

லயன் கம்பனியின் வரலாறு 1881-இல் நுவரெலியாவில் தொடங்குகிறது. மலைநாட்டின் குளிரும் ஊற்று நீரும் பியர் காய்ச்சுவதற்கு வாய்ப்பாக இருந்தன. தோட்டத் துரைமார் அதற்கு முதல் வாடிக்கையாளராயினர். கடந்த நூற்றாண்டின் இறுதியில் தொழிற்சாலை பியகமவுக்கு மாறிற்று. டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் கம்பனி இதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை வைத்திருக்கிறது. பியர் காய்ச்சுவதற்குப் பெரும் இயந்திரங்கள் தேவை. வாற்கோதுமை மோல்ட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எனவே ரூபாவின் வீழ்ச்சி நேரடியாகவே செலவை உயர்த்தும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது தொழிற்சாலை வெள்ளத்தில் மூழ்கி மாதக்கணக்கில் செயலிழந்தது. ஆயினும் இளைஞரிடையே பியர் பரவுவதும், வெளிநாட்டு ஏற்றுமதியும், உல்லாசப் பயணிகளின் வருகையும் இதன் வளர்ச்சிக்கு இடமளிக்கின்றன.

டிஸ்டிலரீஸ் கம்பனியின் இயல்பு வேறு. அதன் பழைய மூலப்பொருள் நம் நாட்டுத் தென்னங்கள். பெயர் ஊரெங்கும் ஊன்றிய பெயர். விற்பனை வலை நாடெங்கும் விரிந்தது. வளர்ச்சி மெதுவானது, ஆனால் ஆண்டுதோறும் புதிய இயந்திரங்களில் பெருந்தொகை முடக்க வேண்டிய கட்டாயம் குறைவு, ஆதலால் இலாபத்திற் கணிசமான பகுதியைப் பங்கிலாபமாகப் பகிரக் கூடியது. அதன் பகைவன் வரி. மதுவரி 2023 ஜனவரியில் 20 வீதமும், 2024 ஜனவரியில் 14 வீதமும், 2025 ஜனவரியில் ஏறத்தாழ 6 வீதமும் உயர்த்தப்பட்டது. போத்தலின் விலை ஏற ஏற, ஏழைக் குடிகாரன் கசிப்பை நாடுகிறான். கம்பனியின் விற்பனை சுருங்குகிறது.

ஒரு லயன் பங்கின் விலைக்கு டிஸ்டிலரீஸ் பங்குகள் பலவற்றை வாங்கலாம். ஆனால் மலிவான பங்கே நல்ல பங்கு என்று கருதுவது வகுப்பில் முதலாம் தவணை மாணவன் விடும் பிழை. கம்பனி எத்தனை பங்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்பதும், ஒவ்வொரு பங்குக்கும் எவ்வளவு இலாபம் சேர்கிறது என்பதுமே கணக்கு. வளர்ச்சியை விரும்புபவன் இடப்புறம் செல்வான்; ஆண்டுதோறும் கைக்கு வரும் வருமானத்தை விரும்புபவன் வலப்புறம் செல்வான் என்பது நண்பரின் முடிவு. கணக்கு என்ற அளவில் அதிலே குறை காண்பதற்கில்லை.

கொப்பியில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு குறிப்பு இருந்தது. 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடைசெய்தது. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடைசெய்தது. விளம்பரம் செய்ய முடியாதெனில், புதிய கம்பனி ஒன்று தன் பெயரை மக்களிடம் கொண்டு செல்வது எவ்வாறு? ஆகவே ஏற்கனவே பெயர் பெற்ற கம்பனிகளின் இடம் பாதுகாப்பாகிறது. "முதலீட்டாளனுக்கு நன்மை" என்று நண்பர் அதன் எதிரே எழுதியிருந்தார். இளைஞரைக் காக்க எழுந்த ஒரு சட்டம், பங்குதாரரின் கொப்பியில் பங்குதாரரைக் காக்கும் மதிலாக மாறியிருந்தது. அந்த வரியில்தான் நமது கண் நின்றது.

கொப்பியின் அடியில் இன்னுமொரு வரி: 'பங்கொன்றிற்கான உழைப்பு.' இது நண்பர் ஆக்கிய சொல்லன்று. இலங்கையில் தமிழ் மொழி மூலம் கணக்கியல் பயிலும் ஒவ்வொரு மாணவனும் அறிந்த கலைச்சொல். பங்கு ஒன்றுக்குச் சேரும் இலாபத்தை 'உழைப்பு' என்கிறோம். பங்கின் விலையை அதனால் வகுத்து 'விலை உழைப்பு விகிதம்' என்கிறோம். சொல்லை ஆக்கியோர் 'சம்பாத்தியம்' என்ற பொருளிலேயே அதனைக் கொண்டனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சொல் தன் மற்றைப் பொருளையும் சுமந்தே வருகிறது. பங்கு உழைப்பதில்லை. காகிதம் தென்னை ஏறுவதில்லை, கொதிகலனருகே நிற்பதில்லை, லொறியிலே பெட்டி ஏற்றுவதில்லை. பங்கொன்றிற்கான உழைப்பு என்பது பிறிதொருவரின் உழைப்பே.

சாதாரணக் கம்பனியாயின் இவ்வளவில் நின்றுவிடலாம். மதுக் கம்பனியின் இலாபத்திலோ இரண்டு உழைப்புகள் உண்டு. ஒன்று, அதனை உற்பத்தி செய்யும் தொழிலாளியின் உழைப்பு. மற்றது, அதனை வாங்கிக் குடிக்கும் தொழிலாளியின் உழைப்பு. அரிசியை வாங்குபவன் அடுத்த நாள் வேலைக்கு வேண்டிய பலத்தைப் பெறுகிறான். சாராயத்தை வாங்குபவன் அடுத்த நாளின் பலத்தையும் சேர்த்தே விற்றுவிட்டு வருகிறான். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட் சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன்னர், 2021 முதல், அது 1000 ரூபா. ஒரு முழுப் போத்தல் சாராயத்தின் விலையோ 2024-இல் இரண்டு நாட் சம்பளத்தையும் விஞ்சி நின்றது. போத்தல் ஒன்று விற்றது என்று கம்பனியின் கணக்கு சொல்லும் இடத்தில், மலைச்சரிவில் இரண்டு நாட் கொழுந்து மறைந்து கிடக்கிறது.

இத்தொடர்பு நேற்று முளைத்ததன்று. 1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டபின், சாராயக் குத்தகை மலைநாட்டுக்கும் விரிந்தது. அரசாங்கம் தவறணை நடத்தும் உரிமையை ஏலத்தில் விட்டது. குத்தகைக்காரர் அதிலே செல்வம் திரட்டினர். கோப்பித் தோட்டங்கள் பெருகித் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கூட்டங் கூட்டமாக வந்தபோது, தவறணைக்கு வாடிக்கையாளர் கூட்டமும் வந்து சேர்ந்தது. இலங்கையின் உள்நாட்டு முதலாளி வர்க்கம் தன் முதலைத் திரட்டிய முக்கிய வழிகளுள் சாராயக் குத்தகையும் ஒன்று என்பதைக் குமாரி ஜயவர்த்தன தமது ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். பின்னர் 1912-ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தபோது, அவ்வாறு வளர்ந்த வர்க்கத்தின் பிள்ளைகளும் அதன் மேடைகளில் நின்றனர். 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது, தோட்டத் தொழிலாளரைக் குடியை விடுமாறு வேண்டினார்.

உபதேசம் எப்பொழுதும் குடிப்பவனுக்கே செய்யப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். விற்பவனின் இலாபம் எங்கே செல்கிறது என்று கேட்டோர் குறைவு.

சாராய உற்பத்தி 1974-இல் அரச கூட்டுத்தாபனமாயிற்று. 1989-இல் கம்பனியாக மாற்றப்பட்டது. 1992-இல் தனியார் கைக்குச் சென்றது. அதே 1992-ஆம் ஆண்டில்தான் தேசியமயமாக்கப்பட்ட தோட்டங்களின் நிருவாகமும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. டிஸ்டிலரீஸ் கம்பனிக்கு மேலே உள்ள மெல்ஸ்டாகோர்ப் குழுமத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், சாராயக் கம்பனியின் கணக்கையும் பலாங்கொடை, மடுல்சீமைப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கணக்கையும் ஒரே அட்டைக்குள் காணலாம். லயன் கம்பனியின் தாய் நிறுவனமாகிய கார்சன் கம்பர்பட்சும் தோட்ட முகவர் நிறுவனமாக வளர்ந்ததே. இதிலே சட்டவிரோதம் எதுவுமில்லை, சதி எதுவுமில்லை. சம்பளம் கொடுக்கும் கையும், அச்சம்பளத்தை மீள வாங்கும் கையும், நமது சமுதாய அமைப்பில் ஒரே உடம்பில் இருக்கலாம் என்பதே நாம் காணவேண்டியது.

இவ்வளவையும் நாம் கூறியபோது நண்பர் பொறுமையாகக் கேட்டார். பின்பு மூன்று மறுப்புகளை முன்வைத்தார். அவை இலேசானவை அல்ல.

முதலாவது: "நான் பங்கைக் கம்பனியிடமிருந்து வாங்கவில்லை, சந்தையில் இன்னொருவரிடமிருந்து வாங்குகிறேன். என் பணத்தில் ஒரு சதமும் கம்பனிக்குப் போகாது. நான் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு துளி சாராயம் கூடப் போவதுமில்லை, குறையப் போவதுமில்லை." இரண்டாவது: "மதுவிலிருந்து அரசாங்கம் பெருந்தொகையை வரியாகப் பெறுகிறது. அப்பணமும் சேர்ந்த திறைசேரியிலிருந்துதான் என் சம்பளம் வருகிறது. இப்பல்கலைக்கழகமும் அதிலேதான் நடக்கிறது. ஊழியர் சேமலாப நிதியும் பங்குச் சந்தையில் கம்பனிப் பங்குகளை வாங்கி வந்திருக்கிறது. அந்நிதியில் தோட்டத் தொழிலாளியின் பணமும் உண்டு. கை கழுவியவர் யார்?" மூன்றாவது: "குடிப்பவன் குழந்தையல்லன். எவரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை."

மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். குடிப்பவன் குழந்தையல்லன் என்பது உண்மை; அவனைக் குழந்தையாகக் கருதிய துரைத்தனத்தை நாம் வெறுக்கிறோம். ஆனால் லயத்துக் காம்பறா ஒன்றில் பலர் நெருங்கி வாழும் வாழ்க்கையில், மாலையிலே செல்வதற்கு வாசிகசாலையும் இல்லை, விளையாட்டுத் திடலும் இல்லை, தவறணை ஒன்றே உண்டு என்ற நிலையில், 'தெரிவு' என்ற சொல் எவ்வளவு தூரம் செல்லும்? மேலும் குடிப்பவனின் சுதந்திரத்தைப் பேசும்போது அவன் மனைவியின் சுதந்திரத்தை மறந்துவிடுகிறோம். கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் சம்பளத்தை வீட்டு ஆண்மகனே சென்று வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிற்று. அப்பணம் தவறணைக்குப் போனபோது தெரிவு செய்தவன் ஒருவன்; செலவழிந்தது இன்னொருத்தியின் உழைப்பு.

பியர் மென்மையானது, சாராயம் வன்மையானது. ஆகவே இடப்புறத்துப் பங்கு அறத்துக்குச் சற்று அண்மையானது என்று அங்கிருந்த மாணவர் ஒருவர் சமாதானம் சொல்ல முனைந்தார். 2017 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டமும் இவ்வாறே கருதி, மதுசார அளவின்படி வரி விதித்துப் பியரின் விலையைக் குறைத்தது. ஆனால் இந்நாட்டில் விற்கும் கடும் பியரில் மதுசாரம் 8 வீதத்தையும் தாண்டுகிறது. தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் கூறியது. கோட்டின் இருபுறமும் உள்ள வேற்றுமை முதலீட்டாளனுக்குப் பெரிது. தவறணையிலிருந்து வீடு திரும்புபவனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது மிகச் சிறிது.

இரண்டாவது மறுப்பே நம்மை உண்மையில் சுடுகிறது. ஆம், நாம் எவரும் கை கழுவியவர் அல்லர். இத்தேநீர்க் கடையில் நாம் பருகிய பிளேன்டீயும் கூலி குறைந்த கைகளால் பறிக்கப்பட்டதே. பணத்தை வங்கியில் வைத்தாலும் வங்கி அதனை யாருக்குக் கடன் கொடுக்கிறது என்பதை நாம் கேட்பதில்லை. இச்சமுதாயத்தில் தனிமனிதத் தூய்மையைத் தேடுபவன் காட்டுக்குத்தான் போகவேண்டும். காட்டுக்குப் போனவனால் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு எழுத்தும் கற்பிக்க முடியாது. ஆகவே 'தூய்மையாக இரு' என்பது நமது வாதமன்று.

நமது வாதம் முதலாவது மறுப்பிலிருந்தே பிறக்கிறது. நண்பரின் பணம் கம்பனிக்குப் போவதில்லை என்பதை ஏற்போம். அவ்வாறாயின் பங்கு வாங்கும்போது உண்மையில் மாறுவது என்ன? கம்பனி மாறுவதில்லை; நண்பர் மாறுகிறார். வாங்குவதற்கு முதல் நாள், மதுவரி உயர்ந்தது என்ற செய்தியை அவர் ஒரு குடிமகனாக வாசித்தார். வாங்கிய மறுநாள் அதே செய்தியை அவர் நட்டமாக வாசிப்பார். புதிய தவறணைக்கு உரிமம் வழங்கப்பட்டால் முன்பு அவர் வருந்தியிருப்பார். இனி அவ்வருத்தத்தின் அடியில் ஒரு சிறு மகிழ்ச்சி ஒளிந்திருக்கும். தோட்டச் சம்பளம் உயர்ந்தால், அதில் எத்தனை வீதம் போத்தலாக மாறும் என்று அவர் மனம் கணக்கிடும். கெட்டவராகிவிட்டார் என்பதன்று, நலன் இருக்கும் பக்கமாக மனம் சாய்வது இயற்கை. மனிதனின் வாழ்நிலையே அவன் உணர்வை உருவாக்குகிறது என்று நாம் வகுப்புகளில் சொல்லி வருகிறோம். அது முதலாளிக்கு மட்டும் பொருந்தும் விதியன்று. ஐந்நூறு பங்குகள் வைத்திருக்கும் ஆசிரியருக்கும் பொருந்தும்.

வரிப்பணத்திலிருந்து சம்பளம் பெறுபவருக்கும் பங்குதாரருக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் உள்ளது. மதுவின் விற்பனை நாளை பாதியாகக் குறைந்தால், அரசாங்கம் வேறு வழியில் வரி திரட்ட வேண்டும் என்று ஆசிரியர் தயங்காமற் கோரலாம். அவர் விருப்பம் எவருக்கும் விற்கப்படவில்லை. பங்குதாரரோ தன் பணத்துடன் தன் விருப்பத்தையும் முதலிட்டுவிடுகிறார். இன்னொருவனின் வீழ்ச்சி தொடரவேண்டும் என்று விரும்புவதற்கு அவருக்கு ஆண்டுதோறும் சிறு தொகை வந்து சேர்கிறது.

நமது முன்னோர் இதை அறியாதவர் அல்லர். புலால் மறுத்தலைப் பேசிய வள்ளுவர், உண்பவனோடு நிற்காமல், விலைக்காக விற்பவனையும் அவ்வதிகாரத்துள் கொண்டுவந்தார். கள்ளுண்ணாமையைப் பேசுமிடத்திலோ அவர் பார்வை குடிப்பவன் மீதே நிலைத்தது. தலதா மாளிகை நிற்கும் இக்கண்டி நகரம் போற்றும் புத்தர், இல்லறத்தான் செய்யலாகாத ஐந்து வணிகங்களுள் ஆயுதத்தோடும் நஞ்சோடும் மதுவையும் சேர்த்தார். ஆனால் விற்பவனைக் கண்ணால் காணக்கூடிய காலத்து அறம் அது. இன்று விற்பவன் ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரிந்து, ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் ஓய்வூதியக்காரராகவும் நம்மிடையே அமர்ந்திருக்கிறான். ஒவ்வொருவர் பங்கும் மிகச் சிறியது. ஆதலால் ஒவ்வொருவர் குற்றமும் இல்லாததுபோல் தோன்றுகிறது. பங்கு என்னும் ஏற்பாடு இலாபத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. பொறுப்பைப் பிரித்துப் பிரித்தே மறையச் செய்கிறது.

அவ்வாறாயின் நண்பர் என் செய்வது? அவர் மகளின் படிப்புக்குப் பணம் வேண்டுமே! இந்த வினாவுக்குத் தனியொருவர் கொப்பியில் விடை இல்லை என்பதே நமது எண்ணம். சேமிப்பு ஓர் ஆண்டில் கரைந்து போகாத நாணயமும், விலைவாசியோடு உயரும் ஓய்வூதியமும், கட்டணமின்றிப் பயிலும் உயர் கல்வியும் ஆசிரியர் சங்கங்கள் கூடிப் பெறவேண்டியவை. சேமலாப நிதி எந்தெந்தக் கம்பனியில் நம் பணத்தை இடுகிறது என்பதில் அதன் அங்கத்தவருக்கு ஒரு குரல் வேண்டும் என்று கோருவதும் அவ்வாறே. 2023-இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை அந்நிதியின் மேல் இறக்கப்பட்டபோது, அங்கத்தவரை எவரும் கேட்கவில்லை. கூட்டாகப் பாதுகாப்பைப் பெறாத சமுதாயத்தில்தான் ஒவ்வொருவனும் தனித்தனியே கோடு கிழித்து, அயலானின் எந்தத் துன்பம் கூடுதலான பங்கிலாபம் தரும் என்று ஒப்பிட வேண்டியிருக்கிறது.

நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். சம்பள நாளன்று மாலையில், தோட்டத்து எல்லையிலிருந்த தவறணை வாசலில், சிறுவனாகிய அவரைத் தாய் அனுப்பி வைப்பாளாம். தகப்பன் உள்ளே போவதற்கு முன் கையைப் பிடித்து அழைத்து வர. சில நாள் முடிந்தது. பல நாள் முடியவில்லை. "அப்போது உள்ளே போன காசு எங்கே போயிற்று என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இருபது வருடமாகப் பங்கொன்றிற்கான உழைப்பைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்," என்றார்.

அவர் பங்கு வாங்கினாரா, இல்லையா என்று நாம் பின்னர் கேட்கவில்லை. அடுத்த வாரம் அதே பாடத்தை நடத்தியபோது, சூத்திரத்தை எழுதிவிட்டு, "இங்கே உழைத்தவர் யார்?" என்று மாணவரிடம் கேட்டதாகச் சொன்னார். புசல்லாவைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து நின்று, "என் அம்மா, சேர்," என்றாளாம். நல்லது எது என்று ஒப்பிட விரும்பும் ஆசிரியரும் மாணவரும் தொடங்க வேண்டிய இடம் அந்த விடையே.